டேபிள் டென்னிஸ் பிளேடு (ரப்பர் ஒட்டுவதற்கான மட்டைக்கட்டை): வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முழுக்க மரத்தாலான ஐந்தடுக்கு பிளேடிலிருந்து கார்பன் இழை சேர்த்த பிளேடுக்கு மாற எண்ணுகிறேன். பட்டர்ஃபிளை நிறுவனத்தின் விஸ்கேரியா, இன்னர்ஃபோர்ஸ் லேயர் ஏஎல்சி இரண்டிலும் இருப்பது ஒரே இழை என்கிறார்கள். பிறகு ஏன் ஆடும்போது வேறு வேறாகத் தெரிகின்றன?

பதில்: இரண்டிலும் இருப்பது ஆரிலேட் என்ற செயற்கை இழையும் கார்பனும் சேர்த்து நெய்த ஏஎல்சி இழைதான், அது எந்த இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. விஸ்கேரியாவில் கோட்டோ மரத்தாலான மேல்தகட்டுக்கு நேர் கீழேயே இழை வந்துவிடுகிறது. இன்னர்ஃபோர்ஸிலோ லிம்பா மரத்தகடுகள் இரண்டைத் தாண்டி, நடுவிலுள்ள கிரி மரத்தை அணைத்தபடி உள்ளே கிடக்கிறது. எந்தப் பலகை வளைந்தாலும் இழுவையும் அமுக்கமும் அதன் மேற்பரப்புகளில்தான் அதிகம், நடுவில் மிகக் குறைவு. ஆகவே விறைப்பான இழை வெளிப்பக்கம் நகர நகர பிளேடு வளைய மறுக்கிறது. போதாததற்குக் கோட்டோ, லிம்பாவைவிடக் கடினமான மரம்.

இதன் விளைவை ஷார்ட் புஷ்ஷில் பார்க்கலாம். எதிராளியின் குட்டை சர்வீஸை, அவர் பக்கத்தில் இரண்டு முறை குதிக்கும்படி மெல்லத் தட்டித் திருப்ப முயலுங்கள். இன்னர்ஃபோர்ஸில் கிட்டத்தட்ட பழைய மரக்கட்டையில் ஆடுவது போலவே இருக்கும். விஸ்கேரியாவில் அதே கைவீச்சுக்குப் பந்து ஒரு சாண் கூடுதலாகப் போய் இரண்டாம் முறை குதிக்கும் முன்பே மேசையின் விளிம்பைத் தாண்டும், எதிராளி அதற்காகவே காத்திருப்பார். மாறாக, மேசையை ஒட்டி நின்று பிளாக் செய்யவும் (வேகமாக வரும் பந்தை மட்டையால் தடுத்துத் திருப்பவும்), பந்து எழும்போதே எதிர்த்து அடிக்கவும் விஸ்கேரியாவின் உடனடித் துள்ளல் பெரிய துணை. மரத்திலிருந்து வருபவருக்கு நான் பரிந்துரைப்பது உள்ளிழை பிளேடையே.

கேள்வி: கார்பனுக்குப் பதிலாக ஸ்டிகா கிளிப்பர் போன்ற ஏழடுக்கு மர பிளேடு போதுமா?

பதில்: வேகம் மட்டும்தான் தேவை என்றால் பெரும்பாலானோருக்குப் போதும். ஏழடுக்கு மரத்தில் நீங்கள் எவ்வளவு வலுவாக அடிக்கிறீர்களோ அவ்வளவுக்குத்தான் பந்து போகும்; அதிர்வும் கைப்பிடிவரை தெளிவாக வந்து சேரும். ஆனால் பந்து மட்டையின் நடுவை விட்டு விலகிப் பட்டால் கார்பன் பிளேடு மன்னிக்கும் அளவுக்கு மரம் மன்னிக்காது. எடையும் பொதுவாகச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

கேள்வி: பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேக எண்ணை நம்பலாமா?

பதில்: ஒரே நிறுவனத்தின் இரு பிளேடுகளை ஒப்பிடுவதற்கு மட்டும் நம்பலாம். உலகக் கூட்டமைப்பின் விதி, தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்றும், பசையடுக்கில் சேர்க்கும் இழை மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மில்லிமீட்டர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறதே தவிர, வேகத்தை எப்படி அளப்பது என்று சொல்வதில்லை. ஆகவே ஒரு நிறுவனம் ‘ஆஃப்’ (வேகமான தாக்குதல் வகை) என்பது இன்னொன்றின் ‘ஆல்ரவுண்டு பிளஸ்’ஸாக (அதைவிட மெதுவான வகை) இருப்பதில் வியப்பில்லை.

கேள்வி: ஒரே மாடலில் 84 கிராம், 91 கிராம் என இரண்டு கிடைக்கின்றன. எதை வாங்குவது?

பதில்: மரம் இயற்கைப் பொருள் என்பதால் இந்த வேறுபாடு சாதாரணம். கனமானது பெரும்பாலும் சற்று வேகமாகவும் விறைப்பாகவும் இருக்கும். ரப்பர் ஒட்டாத பிளேடின் மீது பந்தை விழவிட்டுக் கேளுங்கள். ஓசை கூர்மையாக எழுந்தால் விறைப்பு அதிகம் என்று கொள்ளலாம். இரண்டு பக்கமும் கனமான ரப்பர் ஒட்டுபவரானால் 84 கிராமை எடுங்கள். இல்லையேல் பேக்ஹேண்டில் மணிக்கட்டு தாமதிக்கத் தொடங்கும்.

கேள்வி: இரண்டு பிளேடுகளை நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

பதில்: இரண்டிலும் ஒரே ரப்பரை ஒட்டி ஒப்பிட வேண்டும். ஒருமுறை புதிய பிளேடில் புது ரப்பரும் பழையதில் ஆறு மாத ரப்பருமாக ஆடிப் பார்த்து, புதியதுதான் சுழற்சியைக் கூட்டுகிறது என்று முடிவுகட்டினேன். அதே பழைய ரப்பரை உரித்து மாற்றி ஒட்டியதும் அந்தச் சுழற்சி காணாமற் போயிற்று. முதலில் புஷ், பிளாக், மெதுவான டாப்ஸ்பின் ஆகியவற்றை ஆடுங்கள். ஸ்மாஷில் எல்லா பிளேடும் நன்றாகவே தோன்றும்.

பந்து மட்டையில் தங்கியிருப்பது ஏறத்தாழ ஒரு மில்லி நொடிதான். ‘பிடித்து விடுகிறது’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, பந்து போன பிறகு கைக்கு வரும் அதிர்வும் காதுக்கு வரும் ஓசையுமே. ஐயமிருந்தால் இரு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். நான் அப்படி ஆடியபோது, ‘மென்மை’ என்று அதுவரை புகழ்ந்துகொண்டிருந்த பிளேடையும் அதன் போட்டியாளரையும் கையை மட்டும் வைத்துப் பிரித்தறியச் சிரமப்பட்டேன்.

கேள்வி: ரப்பரை உரிக்கும்போது மரச்சிம்பு பெயர்ந்து வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: லிம்பா மேல்தகடுகளில் இது அடிக்கடி நேரும். முதன்முறை ஒட்டுவதற்கு முன் மிக மெல்லிய ஒரு பூச்சு வார்னிஷ் கொடுத்து, நன்கு உலரவிடுங்கள். தடிமனாகப் பூசினால் மரத்தின் இயல்பே மாறிவிடும். உரிக்கும்போது ரப்பரை மேல்நோக்கி இழுக்காமல், மட்டையின் பரப்போடு ஒட்டினாற்போல் தாழ்வாக மடித்து மெதுவாக இழுக்க வேண்டும்.