பழைய தார் ஜீப்: "சின்ன வேலைதான்" என்றால் எவ்வளவு சின்னது?

கேள்வி (தாண்டிக்குடியிலிருந்து ஒரு வாசகர்):

சார், எங்களுக்குக் காபியும் மிளகுமாகக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து தோட்டம் வரை மண் பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பைக் கூட ஏறாது. வாடகை ஜீப்புக்குக் கொடுத்து மாளவில்லை. திண்டுக்கல்லில் ஒரு 2012 மாடல் மஹிந்திரா தார், சிஆர்டிஇ டீசல் எஞ்சின், ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுப்பது), 3,75,000 ரூபாய் சொல்கிறார்கள். நல்லபடி ஓடுகிற இதே வருஷத்து வண்டி 5,25,000-க்குக் குறைந்து கிடைக்கவில்லை. இந்த வண்டியில் மூன்று குறை: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கரும்புகை, செகண்ட் கியர் சில நேரம் தானாகக் கழன்று விடுகிறது, ஃபோர் வீலில் ஹை விழுகிறது ஆனால் லோ (மெதுவாக, அதிக இழுவையோடு ஏறுவதற்கானது) விழவில்லை. "எல்லாம் சின்ன வேலைதான், 20,000-க்குள் முடிந்துவிடும்" என்கிறார் விற்பவர். மைத்துனர் வாங்கச் சொல்கிறார், அப்பா வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்:

20,000-ல் முடிகிற வேலை என்றால் அவரே முடித்துவிட்டு 5,25,000-க்கு விற்றிருப்பார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, ஒருவேளை அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரியாத செலவை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

இந்த மூன்று குறைகளும் எனக்குப் பெரிய கவலை இல்லை. மூன்றையும் சரிசெய்யலாம், பார்ட்ஸ் கிடைக்கும், வேலை தெரிந்தவர்கள் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் இருக்கிறார்கள். சரிசெய்ய முடியாதவை இரண்டு, சேஸிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) ஆர்சியும் (பதிவுச் சான்று). நீங்கள் எழுதிய கடிதத்தில் அந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரி கூட இல்லை. அதனால் முதலில் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

வண்டியைப் பக்கத்தில் ஏதாவது வாட்டர் சர்வீஸுக்கு ஓட்டிப்போய் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள், கழுவ வேண்டாம், ஏற்றினால் போதும், கேட்கிற காசைக் கொடுத்துவிடுங்கள். கையில் ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர். பின்பக்கக் கமான் பட்டைகள் சேஸிஸில் மாட்டியிருக்கும் இடம், பாடி உட்காரும் பிராக்கெட்டுகள், குறுக்குச் சட்டங்கள் சேஸிஸோடு சேரும் மூலைகள், இங்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். மொத்தென்று கேட்டால் நுனியால் குத்திப் பாருங்கள், துரு பாளம் பாளமாக உதிர்ந்து நுனி உள்ளே இறங்கினால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். அடியில் மட்டும் புத்தம் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள், விற்பதற்கு முந்தின வாரம் யாரும் காரணமில்லாமல் வண்டிக்கு அடியில் பெயிண்ட் அடிப்பதில்லை. முன்பக்கச் சட்டத்தில் வெல்டிங் தழும்பு இருந்தாலும் அதே முடிவுதான், எங்கோ பலமாக மோதியிருக்கிறது.

அடுத்து ஆர்சி. எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் நிலுவை இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இன்னும் நின்றால் கடன் தீர்ந்தது என்று அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கைக்கு வராமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். "அது முடிந்துவிட்டது, பேப்பர் மட்டும் வாங்கவில்லை" என்பார்கள். வாங்கிக்கொண்டு வரட்டும். பிறகு எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்சியோடு ஒப்பிடுங்கள், இதைத்தான் பாதிப் பேர் செய்வதில்லை. மலைப்பக்கம் ஓடிய ஜீப்புகளில் எஞ்சினை மாற்றிவிட்டு ஆர்டிஓவில் பதியாமல் விட்டது நிறைய உண்டு.

2012-ல் பதிவான சொந்த வண்டிக்கு 2027-ல் 15 ஆண்டு முடிகிறது, அதற்குப் பின் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் சேரும். புதுப்பிக்கும் கட்டணமே காருக்கு 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கிவிட்டார்கள். பணத்தைவிட, அந்த நேரம் வண்டி எஃப்சிக்கு நிற்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம், கரும்புகை விட்டால் பாஸ் ஆகாது.

சரி, இப்போது உங்கள் மூன்று குறைகள்.

கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. காரணம் ஏர் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் கிளிப் மாட்டிய இடத்தில் கீறியிருக்கலாம் (கிளிப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுதான்), புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி ஏறியிருக்கலாம். இதெல்லாம் நிஜமாகவே சின்ன வேலை. இன்ஜெக்டரோ டர்போவோ போயிருந்தால் அது வேறு கதை. இன்ஜெக்டரைக் கழற்றாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம்: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு சின்ன பாட்டிலில் விட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓட விடுவார்கள். மூன்று பாட்டிலில் ஒரே அளவு, ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு டீசல் நின்றால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது. டீசல் பம்ப் வேலை செய்கிற எந்தக் கடையிலும் இதைப் பார்த்துச் சொல்வார்கள். அதோடு, எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை, புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, எஞ்சின் இறக்க வேண்டிவரும். மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட் பக்கம் சந்தேகப்படுங்கள். இதையெல்லாம் காலையில், நீங்கள் போகும்போது பானட் குளிர்ந்திருக்கும் நிலையில் பாருங்கள். தொட்டால் சூடாக இருந்தால், "எதற்கு முன்னாடியே ஸ்டார்ட் செய்தீர்கள்?" என்று கேளுங்கள், பதிலைவிட முகம் நிறையச் சொல்லும்.

செகண்ட் கியர் கழல்வதைத்தான் நான் இந்த மூன்றிலும் பெரிதாக எடுத்துக்கொள்வேன். சமவெளியில் அது எரிச்சல், அவ்வளவுதான். நீங்கள் பெரும்பாறை வழியாகக் கீழே இறங்குகிறவர், கொண்டை ஊசி வளைவில் செகண்டில் எஞ்சின் பிடித்து இழுக்கிறது என்ற தைரியத்தில்தான் பிரேக்கில் காலை லேசாக வைத்திருப்பீர்கள். அந்த நேரம் கியர் கழன்றால் வண்டி நியூட்ரலில், பின்னால் மூட்டை பாரம், ஏற்கெனவே சூடேறிய பிரேக். சோதிப்பது சுலபம்: ஆளில்லாத இறக்கத்தில் செகண்டில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், லீவரில் கை வைக்காதீர்கள். விற்பவர் ஓட்டினால் அவர் இடது கையைக் கவனியுங்கள், சிலர் லீவரை அழுத்திப் பிடித்தே ஓட்டிப் பழகியிருப்பார்கள், அவர்களுக்கே அது தெரியாது. காரணம் வெளியே லிங்கேஜிலோ மவுண்டிங் ரப்பரிலோ இருந்தால் நல்லது. உள்ளே ஃபோர்க்கோ பல்லோ தேய்ந்திருந்தால் கியர் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும், இறக்கிய பின் கிளட்ச், பேரிங் எல்லாம் கூடவே மாற்றச் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

லோ விழாததற்கு மறுபடி இரண்டு முகம். வருஷக்கணக்கில் யாரும் போடாததால் லீவரின் கூட்டுகள் துரு ஏறி இறுகியிருக்கலாம், நிறைய தார்களில் இதுதான், ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு லோ எதற்கு? வண்டியை முழுதாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதித்துப் போட்டுப் பாருங்கள், ஓடும்போது போட முயன்றிருந்தால் விழாதது குறை இல்லை. அப்படியும் விழாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது இழுவையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, திறக்க வேண்டும். அதன் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், வெளுத்திருந்தால் வண்டி ஆற்றில் இறங்கியிருக்கிறது, உலோகத் தூள் மினுமினுத்தால் உள்ளே ஏதோ அரைபடுகிறது. ஃபோர் வீலைத் தார் ரோட்டில் சோதிக்காதீர்கள். இந்த வண்டியில் முன் பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது, பிடிமானமுள்ள தரையில் வளைத்தால் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். மண்ணில் பாருங்கள்.

கணக்கு இனி எளிது. ஓடுகிற வண்டிக்கும் இதற்கும் வித்தியாசம் 1,50,000. மூன்று குறைக்கும் மோசமான பக்கத்தையே எடுத்துக்கொண்டு, அதாவது கியர் பாக்ஸ் இறக்கம், டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலை, நான்கு இன்ஜெக்டர் என்று, உங்கள் மெக்கானிக்கிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். விற்பவரின் மெக்கானிக் வேண்டாம். அந்தத் தொகையோடு அதில் பாதியைச் சேருங்கள், பெட்டியை இறக்கியபின் தெரிகிற செலவுக்காக. பிறகு டயர், பேட்டரி. வண்டி விலையையும் சேர்த்து மொத்தம் 5,25,000-ஐத் தாண்டினால் மைத்துனர் தோற்றார். தாண்டாவிட்டாலும், வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வாரங்களுக்கு வாடகை ஜீப் செலவும் உங்களுக்குத்தான்.

என் முடிவு: சேஸிஸும் ஆர்சியும் சுத்தம், எஞ்சின் மூச்சு விடவில்லை என்றால் 2,75,000-க்குப் பேசுங்கள், மூன்று லட்சம் வரை ஏறலாம். அதற்கு மேல் என்றால் இன்னொரு 1,50,000 புரட்டி ஓடுகிற வண்டியையே வாங்குங்கள். மழை ஆரம்பிக்க ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் பேச்சே வேண்டாம், இந்த வண்டி அதற்குள் தயாராகாது.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகி):

ராணுவத்தில் ஏலம் விட்ட மாருதி ஜிப்ஸி ஜீப் ஒன்று விலைக்கு வருகிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை, ஆனால் பாடி நன்றாக இருக்கிறது. வார இறுதியில் காடு மேடு சுற்ற வாங்க வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. வீட்டில் வேறு கார் இருக்கிறது.

பதில்:

வேறு கார் இருக்கிறது என்ற ஒரு வரியில் பாதிப் பதில் இருக்கிறது, ஆறு மாதம் ஷெட்டில் நின்றாலும் உங்கள் வீட்டில் அடுப்பு எரியும். தாண்டிக்குடிக்காரர் நிலைமை அப்படி இல்லை.

ஜிப்ஸி 1985-லிருந்து ஓடிய வண்டி, பின்னாளில் வந்தது 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், வேலை சிக்கலில்லை. ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை ஓடாத எஞ்சின் என்றே கணக்கிடுங்கள், "பேட்டரிதான் இல்லை" என்பதை நம்ப வேண்டாம். முன் அச்சில் சக்கரம் திரும்பும் உருண்டையைச் சுற்றி கிரீஸ் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பேரிங் போயிருந்தால் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும்.

ஆனால் முதல் கேள்வி பேப்பர். ராணுவ வண்டிகள் பாதுகாப்புத் துறையின் பதிவில் இருப்பவை, நம் ஆர்டிஓவில் புதிதாகப் பதிவு செய்தால்தான் ரோட்டில் ஓட்டலாம். ஏலத்தில் எடுத்தவர் அதைச் செய்து தன் பெயரில் ஆர்சி வாங்கியிருந்தால் வாங்குங்கள். "பேப்பர் எல்லாம் இருக்கு, நீங்களே போட்டுக்கலாம்" என்றால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, அந்தப் பச்சை நிறத்தில் மயங்கியிருந்தால் உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள்: ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு மட்டும்தான், தனியார் வண்டிக்கு அடிக்க மோட்டார் வாகன விதிகள் விடாது.

கேள்வி (ஓசூரிலிருந்து ஒரு வாசகர்):

டெல்லியிலிருந்து வந்த டீசல் ஃபோர் வீல் வண்டி, பெரிய டயர், தூக்கிய சஸ்பென்ஷன், இரும்பு பம்பர் எல்லாம் போட்டது, லோக்கல் விலையை விட ஒரு லட்சம் குறைவு. கிளட்ச் மட்டும் ஸ்லிப் ஆகிறது. வாங்கலாமா?

பதில்:

கிளட்ச் மாற்றினால் போய்விடும். அந்த விலைக் குறைவுக்குக் காரணம் கிளட்ச் இல்லை. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, அதிலிருந்தே அங்கிருந்து தெற்கே மலிவாக வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. நல்ல வண்டிகளும் அதில் உண்டு. ஆனால் அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி, இங்கே கட்ட வேண்டிய வாழ்நாள் வரி, மறுபதிவு, இதற்கெல்லாம் போனால் அந்த ஒரு லட்சத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று ஓசூர் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

டயரும் சஸ்பென்ஷனும் அதைவிடத் தலைவலி. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மறுபதிவுக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கும்போது பழைய டயரும் பழைய ஸ்பிரிங்கும் கேட்பார். அவை கையில் இருக்கிறதா என்று விற்பவரிடம் இன்றே போன் போட்டுக் கேளுங்கள், டெல்லியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தால் அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள்.