வாசகர் கேள்விகள்: பேண்டில் கார்னிவல் இசை

கேள்வி: எங்கள் பேண்டில் சாம்பா வாசித்தால் மார்ச் மாதிரியே கேட்கிறது. நோட்டில் உள்ளதைத்தான் எல்லோரும் வாசிக்கிறார்கள். தவறு எங்கே?

பதில்: முதல் சந்தேகம் பேஸ் டிரம் மேல்தான். மார்ச்சில் கனம் முதல் அடியில் விழும். ரியோ சாம்பாவில் இரண்டாம் அடியில். அங்கே சுர்டோ எனும் டிரம்கள் மூன்று அளவில் இருக்கும். ஆகப் பெரியது, அடித்தொனி மிகுந்தது, இரண்டாம் அடியைப் போடும். சற்று மேல் தொனியில் உள்ளது முதல் அடியில் பதில் சொல்லும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவே வெட்டி வெட்டி ஓடும்.

உங்களிடம் ஒரே பேஸ் டிரம்தான் இருக்கிறதா? ஒரே ஆள் சமாளிக்கலாம். முதல் அடியில் இடது கையைத் தோலில் அழுத்திக்கொண்டு ‘டுக்’. இரண்டாம் அடியில் கையை எடுத்துவிட்டு ‘டூம்’. அடுத்த முதல் அடி வருவதற்குள் கை மறுபடி தோலில் இருக்க வேண்டும். கான்சர்ட் பேஸ் டிரம் நீண்ட நேரம் முழங்குவதற்காகவே செய்யப்பட்டது. அடக்காமல் விட்டால் இரண்டு அடியும் ஒன்றோடொன்று கலந்து எது எதுவென்றே தெரியாமல் போகும். எதிர்ப்பக்கத் தோலின் கீழ்ப்பகுதியில் மடித்த துண்டு ஒன்றை ஒட்டிவையுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

அடுத்தது ஸ்நேர் டிரம். சாம்பாவில் அதன் இடத்தில் இருப்பது கைஷா. ஓர் அடிக்கு நான்கு தட்டு, நிற்காமல். நான்கில் முதலாவதும் நான்காவதும் அழுத்தம், நடுவில் உள்ள இரண்டும் மெல்ல. நான்கும் சம இடைவெளியில் விழுந்தால் உயிரில்லை. திஸ்ரமாக உருட்டினாலும் தப்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் ஆட்டம் அது, அதை நோட்டில் சரியாக எழுதிவிட முடியாது. நல்ல பதிவுகளைக் கேட்டு, வாயால் சொல்லிப் பழகிய பிறகு குச்சியை எடுக்கச் சொல்லுங்கள்.

தாளத்துக்கு ஆறு பேர் கிடைத்தால் சுர்டோவுக்கு இருவர். கைஷா, கன்ஸா எனும் குலுக்கி, அகோகோ எனும் இரட்டை மணி, தம்போரிம் ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர். ஆள் குறைந்தால் முதலில் விட வேண்டியது தம்போரிம். கையகல டிரம்தான், ஆனால் டிரம்மையே திருப்பித் திருப்பி அடிக்கும் அந்த வித்தை ஒரு வாரத்தில் வராது. கடைசிவரை விடக் கூடாதது கன்ஸா. மற்றவர்கள் தடுமாறினாலும் அது ஓடிக்கொண்டிருந்தால் பிடித்துக்கொள்ளலாம்.

குழல்காரர்கள் தவறுவது பாரின் கோட்டைத் தாண்டிக் கட்டப்பட்ட நோட்டுகளில். கோட்டுக்கு முன்பே தொடங்க வேண்டிய ஒலியை ட்ரோம்போன்கள் அடுத்த அடியில் தொடங்கிவிடும். இரண்டு நாள் அந்தக் கட்டுகளை எடுத்துவிட்டு, கோட்டுக்கு இரு பக்கமும் தனித்தனியாக ஊதச் சொல்லுங்கள். பிறகு இரண்டாவதை மட்டும் ஊதாமல் நீட்டுங்கள். டியூபா நோட்டுகள் குட்டையாக இருக்கட்டும். நீட்டி ஊதினால் சுர்டோவின் இடைவெளி அடைந்துவிடும்.

வேகம் நிமிடத்துக்கு 104 முதல் 116 அடி போதும். ரியோ ஊர்வலத்தில் இதைவிட விரைவாகப் போகிறார்களே என்றால், அங்கே தாளக்காரர்கள் மட்டுமே நூற்றுக்கணக்கில்.

கேள்வி: பெர்லியோஸின் ரோமன் கார்னிவல் முன்னிசையை எடுக்க ஆசை. கிளாரினெட்காரர்கள் பயப்படுகிறார்கள். ஓபோ குடும்பத்து நாணல் கருவியான கோர் ஆங்லே எங்களிடம் இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். மூலம் ஏ மேஜரில் உள்ளது. அதே சுருதியில் வைத்தால் பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு ஐந்து ஷார்ப், ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஆறு ஷார்ப். பயப்படாமல் என்ன செய்வார்கள்? அரை சுரம் இறக்கி ஏ ஃப்ளாட்டில் அமைத்த பதிப்பு என்றால் கிளாரினெட்டுக்கு இரண்டு ஃப்ளாட், ஆல்டோவுக்கு ஒன்றே ஒன்று. வித்தியாசத்தை விரல்களே சொல்லும்.

கோர் ஆங்லே தனி வாசிப்பு மெதுவான பகுதியில் வருகிறது. முன்னிசையின் இதயம் அதுதான். பிரெஞ்சு ஹார்னும் எஃப் கருவியே என்பதால் அதே தாளை அப்படியே வாசிக்கலாம், ஆனால் நாணல் கருவியின் சோகம் அதில் வராது. ஆல்டோ சாக்ஸபோனுக்குக் கொடுப்பதே மேல். அந்தத் தாளை ஒரு முழுச் சுரம் மேலே மாற்றி எழுத வேண்டும்: கோர் ஆங்லேயின் ஜி, ஆல்டோவுக்கு ஏ. அதிர்வு காட்டாமல், மெல்லிய குரலில் ஊத வேண்டும். நடன விடுதி சாக்ஸபோன் வாடை அடித்தால் போச்சு.

விரைவுப் பகுதி சால்டரெல்லோ எனும் இத்தாலியத் துள்ளல் நடனம், 6/8. 1838-இல் மேடையேறித் தோற்றுப்போன ‘பென்வெனுட்டோ செல்லினி’ ஆபராவின் கார்னிவல் காட்சியிலிருந்து எடுத்து, 1844-இல் கச்சேரிக்கென்று பெர்லியோஸ் கட்டியது. இங்கே எல்லாச் சுரத்துக்கும் நாக்குப் போட்டால் கிளாரினெட் வரிசை பின்தங்கும். மூன்று சுரத்தில் முதல் இரண்டைச் சேர்த்து, மூன்றாவதை மட்டும் நாக்கால் வெட்டினால் வேகமும் நிற்கும், துள்ளலும் கிடைக்கும்.

கேள்வி: த்வொர்ஷாக்கின் கார்னிவல் முன்னிசையில் தாம்பூரின் வாசிக்க வேண்டும். கட்டைவிரல் உருட்டல் பாதியில் வழுக்கி நின்றுவிடுகிறது.

பதில்: விரல் வழுக்குகிறது என்றால் தோலில் பிடிப்பு இல்லை. விளிம்பிலிருந்து விரலகலம் உள்ளே, சுற்றிலும், தேன்மெழுகை மெல்லிய பட்டையாகத் தேயுங்கள். கட்டைவிரலின் சதைப்பகுதியை, நகத்தை அல்ல, அந்தப் பட்டையில் வைத்து மணிக்கட்டோடு சேர்த்துத் தள்ள வேண்டும். அழுத்தம் கூடினால் விரல் நின்றுவிடும். குறைந்தால் சத்தமே வராது. மெழுகு பூசியும் விரல் காய்ந்திருந்தால் உருட்டல் வராது, லேசாக ஈரப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் கட்டைவிரல் உருட்டல் சின்ன, மெல்லிய உருட்டலுக்குத்தான். நீண்டும் உரத்தும் வேண்டுமிடத்தில் குலுக்கியே ஆக வேண்டும். உரத்த விரைவு அடிகளுக்கு ஒரு காலை உயர்த்தி வைத்து, தாம்பூரினைத் தோல் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் பிடித்து, முழங்காலிலும் முஷ்டியிலும் மாறி மாறி அடிப்பதே நம்பகமானது. கருவியை மட்டும் நகர்த்துங்கள், முஷ்டியை அசைக்காதீர்கள்.

கேள்வி: ‘கிளாடியேட்டர்களின் நுழைவு’ கார்னிவல் இசையா?

பதில்: இல்லை. ஃபூசிக் 1897-இல் ராணுவ பேண்டுக்கு எழுதிய மார்ச் அது. 1901-இல் லாரெண்டோ சிறிய பேண்டுகளுக்கு அமைத்துத் தந்த பிறகு அமெரிக்க சர்க்கஸ்கள் எடுத்துக்கொண்டன. நிகழ்ச்சியில் சேர்ப்பதில் குற்றமில்லை. கோமாளி எல்லா இடத்துக்கும் பொருந்துவார். வேகத்தைக் கூட்டும் முன் அரைச்சுர இறக்கங்களைத் தனியாகப் பழகுங்கள்.

கேள்வி: ‘வெனிஸ் கார்னிவல்’ கார்னெட் மாறுபாடுகளைப் பேண்ட் பின்னணியோடு வாசிக்கும்போது கடைசி மாறுபாட்டுக்குள் உதடு களைத்துவிடுகிறது.

பதில்: பல இடங்களில் பழி பேண்ட் மாஸ்டர் மேல் விழ வேண்டும். மாறுபாடுகளுக்கு நடுவே பேண்ட் மட்டும் வாசிக்கும் பகுதி அலங்காரத்துக்காக இல்லை. தனிக்கலைஞர் மூச்சு வாங்கவும், குழாயில் சேர்ந்த நீரை வடிக்கவும், மவுத்பீஸை உதட்டிலிருந்து எடுக்கவும் உள்ள நேரம். நிகழ்ச்சி நீள்கிறதென்று அதை வெட்டுபவர் உதட்டைத்தான் வெட்டுகிறார்.

கார்னெட் கலைஞர் ஆர்பன் 1864-இல் வெளியிட்ட பயிற்சி நூலில் உள்ள மாறுபாடுகள் என்றால் ட்ரிப்பிள் டங்கிங்கை, அதாவது மும்மூன்று சுரமாக நாக்கால் வெட்டுவதை, கவனியுங்கள்: து-து-கு. எப்போதும் பலவீனமாக விழுவது ‘கு’. தினமும் சில நிமிடம் ‘கு’ மட்டும் வைத்து ஸ்கேல் ஊதினால் மூன்றும் சமமாகும். கீழே மெட்டு, மேலே ஓடும் சுரங்கள் என இரண்டு கார்னெட் வாசிப்பதுபோல் தோன்றும் இடத்தில் கீழ்ச் சுரங்களை மட்டும் தனியாக ஊதிப் பாருங்கள். மெட்டு அறுபடாமல் கேட்டால் மற்றவற்றைச் சேர்க்கலாம்.

மெட்டுக்கு அடியில் இருப்பது இரண்டே கார்டுகள் (சுரக்கூட்டுகள்). அதற்கு முழு பேண்டும் எதற்கு? ஒரு தாளுக்கு ஒருவர் போதும். மற்ற கார்னெட்களை நடுப்பகுதிகளில் மட்டும் ஊத விடுங்கள்.

கேள்வி: பிரேசில் இசைதான் வேண்டும், ஆனால் எங்களிடம் தாளக்காரர் மூவர்தான்.

பதில்: சாம்பாவை விடுங்கள், ரெசிஃபே நகரத்தின் கார்னிவல் இசையான ஃப்ரெவோ எடுங்கள். அதன் தெரு வடிவம் பித்தளைக் குழுக்களுக்காகவே பிறந்தது: ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் ஒரு வாக்கியம் சொல்ல, சாக்ஸபோன்கள் மடக்கிப் பதில் சொல்லும். ஸ்நேர், பாண்டெய்ரோ எனும் பிரேசில் தாம்பூரின், சுர்டோ மூன்றும் இருந்தால் கூட்டம் நகரும். எச்சரிக்கை: சாக்ஸபோன் பகுதி மிகக் கடினம்.

கேள்வி: சுவிட்சர்லாந்தின் குக்கன் குழுக்கள் எனும் கார்னிவல் பித்தளைக் குழுக்கள் அபஸ்வரமாகவே வாசிக்கிறார்களாமே?

பதில்: வேண்டுமென்றேதான். ஆனால் தாளத்தைக் கவனியுங்கள், முடி அளவும் பிசகாது. மெட்டைத் தெரிந்தே கோணலாக்குபவர்களுக்குக் கீழே டிரம்கள் இரும்பாக நிற்க வேண்டும். பாசல் நகரக் கார்னிவலில் சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கள் அதிகாலை 4 மணிக்கு விளக்குகளை அணைத்துத் தொடங்குவது பிக்கோலோவும் டிரம்மும்தான். குக்கன் குழுக்களின் முறை செவ்வாய் மாலை. சுருதி சேராத பேண்டுகள் இதைச் சாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ட்ரினிடாட் கலிப்சோ ஒன்றில் ஸ்டீல் பான் எனும் உலோகத் தாளக் கருவியைச் சேர்க்கிறோம். ஒத்திகையில் சரியாக இருந்த சுருதி மேடையில் விலகுகிறது.

பதில்: உலோகம் சூடானால் பானின் சுருதி சற்று இறங்கும், காற்று சூடானால் குழல்களின் சுருதி ஏறும். மேடை விளக்கின் கீழ் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. பானை அந்த இடத்திலேயே சுருதி கூட்ட முடியாது, சுத்தியலோடு வரும் தேர்ந்தவர் வேலை அது. ஆகவே பேண்ட்தான் பானுக்கு இணங்க வேண்டும். இருபது நிமிடம் விளக்கை எரியவிட்டு, பானை மேடையிலேயே வைத்து, அதன்பின் சுருதி சேருங்கள். பானில் ஓங்கி ஒரு அடி அடித்தால் மேற்சுரங்கள் கலந்து சுருதிமானியின் முள் ஆடும். ரப்பர் நுனிக் குச்சியால் மெல்ல உருட்டி, அந்த ஒலியோடு குழல்களைச் சேருங்கள். பேண்டின் ட்யூனிங் சுரம் பி ஃப்ளாட் என்றால், ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் சி ஊத வேண்டும். ட்ரம்பெட் வரிசையின் நேர் எதிரே பானை வைக்காதீர்கள், வாசிப்பவருக்குத் தன் ஒலியே கேட்காது.