அடிக்கடி விழும் குழந்தையை மலைவீட்டில் வளர்ப்பது: கேள்வி பதில்

பதிலளிப்பவர் நீலகிரியில் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவர்.

கேள்வி (கோத்தகிரி): வலிப்பு நோயுள்ள என் மூன்று வயது மகள், நின்றபடியே உடல் தளர்ந்து பொத்தென்று விழுகிறாள். நெற்றியில் இருமுறை தையல் போட்டாகிவிட்டது. சைக்கிள் ஹெல்மெட் மாட்டலாமா அம்மா?

பதில்: வேண்டாம். அது ஒரே ஒரு பலத்த மோதலைத் தாங்குவதற்காகச் செய்யப்படுவது. ஒரே நாளில் பலமுறை விழக்கூடிய குழந்தைக்கு, நெற்றியையும் பின்தலையையும் மூடும்படி அளவெடுத்துச் செய்த மென்மையான நுரைக் கவசமே ஏற்றது. குளிருக்காக அதனடியில் கம்பளிக் குல்லா மாட்டினால் கவசம் நழுவிவிடும் என்பதை நம் ஊர்ப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. மாத்திரை தவறாமல் கொடுத்தும் விழுவது தொடர்ந்தால், அதைக் கைப்பேசியில் படம்பிடித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நேரில் பார்க்காத ஒன்றை அவர் புரிந்துகொள்ள அதுவே பேருதவி. கணப்புச் சட்டியைக் குழந்தை இருக்கும் அறையில் வைக்காதீர்கள். அரை வாளித் தண்ணீரின் அருகில்கூட அவளைத் தனியே விடக் கூடாது.

கேள்வி: வலிப்பு வரும்போது கையில் சாவி கொடுக்கச் சொல்கிறார் என் மாமியார்.

பதில்: பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி (கூடலூர்): எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். மூளை முடக்குவாதம் உள்ள என் நான்கு வயது மகன் தட்டுத்தடுமாறி நடக்கிறான். விழுவானோ என்று பயந்து தூக்கிக்கொண்டே திரிகிறேன். சக்கரம் வைத்த நடைவண்டி வாங்கலாமா?

பதில்: குழந்தையை உள்ளே உட்காரவைத்து உருட்டும் வண்டியைத்தானே கேட்கிறீர்கள்? படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் பலர் என்பதால், கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. அளவு பார்த்து இயன்முறை மருத்துவர் பரிந்துரைக்கும் நடைதாங்கி வேறு. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இடுப்பிலேயே இருக்கும் பிள்ளைக்குக் கால் தசை மேலும் தளரும், விழும்போது கையூன்றவும் வராது. பழைய மெத்தையின் மேல் மண்டியிட வைத்து, மெல்லச் சாய்த்து, கையூன்றப் பழக்குங்கள். சிமெண்டுத் தரையில் கம்பளிக் காலுறையோடு நடக்கவிடுவதுதான் பெரிய ஆபத்து. அடியில் ரப்பர் பிடிப்புள்ள காலணி போடுங்கள். மழைக்காலத்தில் வாசற்படிப் பாசியை வாரந்தோறும் தேய்த்து எடுங்கள். காலைக் குளிரில் தசை இறுகியிருக்கும் என்பதால், வெந்நீரில் குளிப்பாட்டிய பிறகு பயிற்சி கொடுப்பது எளிது.

கேள்வி (குன்னூர்): ஹீமோபிலியா (இரத்தம் எளிதில் உறையாத நோய்) உள்ள இரண்டு வயதுப் பையன் தலையில் அடிபட்டால் வீக்கம் வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே இரத்தம் கசியலாம். இரத்தத்தை உறையவைக்கும் உறைகாரணி ஊசியை முதலில் போட்டுவிட்டு, ஸ்கேனை அதன்பின் எடுப்பதே முறை. மருத்துவமனையில் இந்த வரிசையைத் தயங்காமல் சொல்லுங்கள். மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடும் ஊர் நம்முடையது. ஆகவே மருந்தை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருக்கலாமா, யார் ஊசி போடுவது என்பதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். வலிக்கு ஆஸ்பிரினும் இபுபுரூஃபெனும் கொடுக்காதீர்கள்.