கார்டு பர்ஸ்லதான் இருக்கு, பணம் மட்டும் போயிருச்சு

தம்பி, இதே சிக்கல்ல இருக்கற வேற யாராவது படிச்சாலும் புரியணும்னு உங்க கேள்விய முதல்ல சுருக்கிச் சொல்லிடுறேன். அமெரிக்கால டல்லாஸ் பக்கம் இர்விங்குக்கு வந்து ரெண்டரை மாசம். மூணு பேர் சேர்ந்து ஒரு அபார்ட்மெண்ட். சனிக்கிழமை காலைல பேங்க் ஆப்பத் திறந்தா, டெபிட் கார்டுல முந்தின ராத்திரி முதல்ல 2 டாலர் போயிருக்கு, அரை மணி நேரம் கழிச்சு நீங்க போகாத ஊர்ல ஏதோ ஒரு கடைல 612 டாலர். கார்டு பர்ஸ்லயேதான் இருக்கு. ஓடிபியும் வரல. பேங்க்குக்கு ஓடினா, "பின் போட்டு எடுத்திருக்காங்க, போலீஸ் ரிப்போர்ட் கொண்டுவாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒண்ணாம் தேதி வாடகை கட்டணும். பணம் அவ்வளவுதானான்னு கேட்டிருக்கீங்க.

அவ்வளவுதான்னு இல்ல. இந்தப் பதிலப் பாதில விட்டுட்டுக்கூட முதல்ல கார்டுக்குப் பின்னாடி இருக்கற நம்பருக்குப் போன் போடுங்க. கார்ட மூடச் சொல்லுங்க, "இந்த ரெண்டும் நான் செஞ்சதில்ல, ரெகுலேஷன் ஈ படி புகார் கொடுக்கறேன்"னு சொல்லுங்க. அனுமதியில்லாம கணக்குல இருந்து போன பணத்துக்கான விதி அது, கீழ விவரமாச் சொல்றேன். புகார் எண், பேசினவர் பேரு, மணி எல்லாத்தையும் எழுதி வைங்க. சட்டப்படி சனிக்கிழமை கவுண்டர்ல வாயால சொன்னதே போதும். ஆனா சொன்னதுக்கு உங்க கைல ஒரு சாட்சியும் இல்லையே, அதுதான் வம்பு.

ஓடிபி விஷயத்துல எல்லாருமே முதல் வருஷம் ஏமாறுவோம். நம்ம ஊர்ல அது வந்தாத்தான் ஆன்லைன்ல காசு நகரும்னு பழகியிருக்கோம். இங்க கார்டு நம்பர், காலாவதி மாசம், பின்னாடி இருக்கற மூணு இலக்கம் இருந்தாலே பெரும்பாலான கடைல வாங்கிடலாம். கேஸ் ஸ்டேஷன்ல, அதாவது பெட்ரோல் பங்க்ல, கார்டு சொருகற வாய்க்கு மேல அச்சு அசலா இன்னொரு வாயப் பொருத்தி வெச்சிருப்பான், பக்கத்துல பொட்டு சைஸுல ஒரு கேமரா இருக்கும். கார்டுக்குப் பின்னாடி இருக்கற கறுப்புப் பட்டைல இருக்கற தகவலும் பின் நம்பரும் ஒண்ணா போயிடும். அந்த 2 டாலர் கார்டுக்கு உயிர் இருக்கான்னு தொட்டுப் பார்க்கறது. அதனால சில்லறைதானேன்னு எதையும் தள்ளாதீங்க.

சட்டத்துக்கு வருவோம். 1978ல வந்த எலக்ட்ரானிக் ஃபண்ட் டிரான்ஸ்ஃபர் ஆக்ட், அதுக்குக் கீழ ரெகுலேஷன் ஈ. தனிநபர் கணக்குக்குத்தான் இது, பிசினஸ் கணக்குக்குக் கிடையாது. கார்டே தொலைஞ்சோ திருடுபோயோ இருந்தா, தெரிஞ்சதுல இருந்து 2 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்க தலைல விழறது அதிகபட்சம் 50 டாலர். அதத் தாண்டினா 500 வரைக்கும் போகலாம். உங்க கேஸ் வேற. கார்டு கைல இருக்கு, தகவல் மட்டும் திருடு போயிருக்கு. இதுல ஸ்டேட்மெண்ட் அனுப்பின நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள சொல்லிட்டா உங்க பொறுப்பு பூஜ்யம். வீசா, மாஸ்டர்கார்டுக்குத் தனியா ஜீரோ லயபிலிட்டின்னு ஒரு கொள்கை இருக்கு, அது இதுக்கு மேல கிடைக்கற சலுகை.

இந்த 60 நாள நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன். வந்த புதுசுல ஸ்டேட்மெண்ட் கவரப் பிரிக்கவே மாட்டேன், ஃபிரிட்ஜ் மேல அடுக்கி வெச்சிருப்பேன். மே கடைசில ஒருநாள் வீடு மாத்தறப்ப பிரிச்சா, ஜனவரில இருந்து மாசாமாசம் 12ஆம் தேதி ஒரு பேர் தெரியாத கம்பெனி 42 டாலர் எடுத்துக்கிட்டு இருக்கு. அஞ்சு தடவை. முதல் ஸ்டேட்மெண்ட் போனது ஜனவரி 31. அங்கிருந்து 60 நாள் எண்ணினா ஏப்ரல் 1. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பணம் திரும்பி வந்துச்சு. ஏப்ரலும் மேயும் வரல. 84 டாலர். சட்டம் அவங்க பக்கம்தான், வாயத் திறக்க முடியல. 60 நாளுக்கு அப்புறம் எடுத்தது, நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா நின்னிருக்கும்னு பேங்க் காட்ட முடிஞ்சா, அதுக்கு உச்சவரம்பே கிடையாது. என்னோட திருடன் கொஞ்சம் நல்லவன்னு வெச்சுக்குங்க. ஆஸ்பத்திரில படுத்திருந்தாலோ நீண்ட பயணத்துல இருந்தாலோ இந்தக் கெடுவ நீட்டிக் கொடுக்கணும்னும் விதியில இருக்கு. ஊருக்குப் போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றவங்க இத ஞாபகம் வெச்சுக்கணும்.

இப்ப அந்தக் கவுண்டர் பதிலுக்கு வரேன். பின் போட்டு எடுத்தாங்கங்கறதால நீங்கதான் எடுத்தீங்கன்னு ஆகாது. நீங்க அனுமதிச்சீங்கன்னு நிரூபிக்க வேண்டிய பாரம் பேங்க் மேல. பின் நம்பர கார்டுலயே எழுதி வெச்சிருந்தாக்கூட அந்த அஜாக்கிரதையக் காரணம் காட்டி உங்க பங்க ஏத்த முடியாது, விதிக்கான அதிகாரபூர்வ விளக்கத்துலயே இருக்கு. போலீஸ் ரிப்போர்ட் வந்தாத்தான் விசாரிப்போம்னு இழுத்தடிக்கவும் கூடாது. எழுத்துல புகார் கேட்கலாம், அது அவங்க உரிமை. கேட்டா, நீங்க வாயால சொன்னதுல இருந்து 10 வேலை நாளுக்குள்ள கட்டாயம் கொடுத்துடுங்க, இல்லன்னா தற்காலிகமாப் பணம் போடற கடமை அவங்களுக்கு இல்லாமப் போயிடும்.

அந்தத் தற்காலிகப் பணம்தான் உங்க வாடகை. பேங்க் 10 வேலை நாளுக்குள்ள விசாரணைய முடிக்கணும். முடியலன்னா ப்ரொவிஷனல் கிரெடிட்னு பணத்த உங்க கணக்குல போட்டுட்டு மேற்கொண்டு விசாரிக்கலாம். கடைல டெபிட் கார்டு தேய்ச்ச கேஸுக்கு 90 நாள் வரைக்கும் நேரம் உண்டு, ஆனா பணம் உங்க கைல இருக்கும். கணக்குல முதல் பணம் போட்டு 30 நாள் தாண்டலன்னா மட்டும் இந்த 10, 20 ஆகும். உங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு, 10தான். திங்கக்கிழமை சொன்னதா எடுத்துக்கிட்டாலும் நடுவுல லீவு இல்லன்னா ரெண்டு வாரம். வீட்டுக்காரர்கிட்ட இப்பவே ஒரு ஈமெயில் போட்டு, புகார் எண்ணையும் சேர்த்து அனுப்பி வைங்க. கேட்டா நாலு நாள் பொறுப்பாங்க, கேட்காம விட்டா லேட் ஃபீஸ் விழும்.

உங்க புகார நிராகரிச்சா காரணத்த எழுத்துல கொடுக்கணும். எத வெச்சு முடிவெடுத்தாங்களோ அந்தக் காகிதங்களோட நகலக் கேளுங்க. அதுக்கப்புறமும் மசியலன்னா, பேங்க் மேல மக்கள் கொடுக்கற புகார வாங்கற அரசு அமைப்பான சிஎஃப்பிபி (CFPB) தளத்துல புகார் போடுங்க.

ரூம்மேட்ஸ் இருக்கீங்கங்கறதால கேட்கறேன், கோவிச்சுக்காதீங்க. காஸ்ட்கோ கடைக்குப் போறப்ப யார்கிட்டயாவது கார்டும் பின்னும் கொடுத்தீங்களா? நீங்களா கொடுத்த ஆள் எடுத்தா, இவருக்கு இனி அனுமதி இல்லன்னு பேங்க்குக்குச் சொல்ற வரைக்கும் அது நீங்க எடுத்த கணக்குதான். ஸெல்னு (Zelle) போன்லயே பணம் அனுப்பற சேவையும் அப்படித்தான். எவனோ விட்ட கதைய நம்பி நீங்களே அனுப்பிட்டா பெரும்பாலும் திரும்பாது. உங்கள ஏமாத்தி, போனுக்கு வர்ற கோட் நம்பர வாங்கி அவனே உள்ள புகுந்து அனுப்பினா, அது அனுமதியில்லாததுன்னு இந்தச் சட்டத்துக்குள்ள வரும். யார் விரல் அந்தப் பட்டன அமுக்கிச்சுங்கறதுலதான் விஷயமே.

புது டெபிட் கார்டு வந்ததும் பேங்க்குக்குள்ள இருக்கற ஏடிஎம்முக்கு மட்டும் வெச்சுக்குங்க. பெட்ரோலுக்கும் கடைக்கும் கிரெடிட் கார்டு. அதுல சட்டப்படி உங்க பொறுப்பு 50 டாலருக்கு மேல போகாது. அதவிட முக்கியம், சண்டை நடக்கற மூணு மாசமும் மாட்டிக்கிட்டு நிக்கறது உங்க வாடகைக் காசு இல்ல. கிரெடிட் ஹிஸ்டரி இல்லன்னு சாதாரணக் கார்டு பெரும்பாலும் கொடுக்க மாட்டாங்க, டெபாசிட்ட ஈடா வெச்சு வாங்கற செக்யூர்டு கார்டு கேளுங்க, 200 டாலர் டெபாசிட்லயே கிடைக்கும். ஆப்புல ஒவ்வொரு செலவுக்கும் மெசேஜ் வர்ற மாதிரி வைங்க, எவ்வளவுக்கு மேலன்னு கேட்கற கட்டத்துல 1 டாலர்னு போடுங்க. போன் பேசிட்டு என்ன சொன்னாங்கன்னு இங்கயே எழுதுங்க தம்பி.