பத்து நாள் ஊழியம்

அன்புள்ள சார்,

2007-இல் ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் 23 தென்கொரிய மிஷனரிகளைக் கடத்திய சம்பவத்தை வைத்து 2023-இல் வந்த கொரியப் படத்தைப் போன வாரம் ஓடிடியில் பார்த்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. போகாதே என்று அரசாங்கமே எச்சரித்த இடத்துக்கு மதம் பரப்பப் போன முட்டாள்களுக்காக ஒரு நாடு ஏன் தீவிரவாதிகளிடம் மண்டியிட வேண்டும்? படமும் அவர்கள் யார் என்று சொல்லாமல், மீட்கப் போகும் அதிகாரிகளையே சுற்றிச் சுற்றி வருகிறது. இந்த மாதிரி த்ரில்லர்களை எப்படிப் பார்ப்பது? தமிழில் ஏன் இப்படி வருவதில்லை?

அன்புடன்,
செ.

*

அன்புள்ள செ.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் ஆச்சியின் திருநீற்றுச் சம்படத்தைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வருகிறேன்.

முதலில் அந்த 'முட்டாள்கள்'. அந்தக் குழு கிளம்பும்போது இஞ்சியோன் விமான நிலையத்தில், ஆப்கானிஸ்தான் பயணத்தைத் தவிர்க்கச் சொல்லும் அறிவிப்புப் பலகை பக்கத்திலேயே நின்று படம் எடுத்துக்கொண்டது உண்மைதான். கடத்தல் செய்தி வந்ததும் கொரிய இணையத்தில் அந்தப் படம்தான் சுற்றியது. உங்களைப் போலவே அங்கேயும் திட்டித் தீர்த்தார்கள். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் அதே விமான நிலையத்தில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். இரண்டு பேரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் ஐயா அவர்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் குழுவை அழைத்துப்போன போதகர். அவரைச் சுட்டது அவருடைய 42-ஆவது பிறந்தநாளில். இத்தனைக்கும் அப்புறம், இத்தனை வருஷம் கழித்து, நீங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு இன்னொரு கல்லை எறிகிறீர்கள். கை வலிக்கவில்லையா?

கோபப்பட்டுவிட்டேன். உங்கள் மனசு கெட்டதில்லை, தெரியும். தெரிந்ததால்தான் பதில் எழுதுகிறேன்.

மண்டியிட்டது என்பதெல்லாம் பெரிய வார்த்தை. அங்கே இருந்த சுமார் 200 கொரியப் படையினரை ஆண்டு முடிவதற்குள் திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள். அது ஏற்கெனவே எடுத்திருந்த முடிவு. பணம் கைமாறியதா, அரசு இப்படிப் பேசலாமா என்பதையெல்லாம் தொலைக்காட்சி விவாதக்காரர்களுக்கு விட்டுவிடுவோம். தமிழில் ஏன் வருவதில்லை என்று தயாரிப்பாளர்களைத்தான் கேட்க வேண்டும்.

படம் ஏன் மிஷனரிகளைக் காட்டவில்லை என்று கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. ஆகஸ்ட் 13 அன்று முதலில் இரண்டு பெண்களை விடுவித்தார்கள். அப்போது வேறொரு பெண், தனக்குக் கிடைத்த முறையை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. மிச்சமிருந்தவர்களை விட்டது ஆகஸ்ட் 29, 30 தேதிகளில். அந்த இரண்டு வாரமும் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பார்? 'நீ போ' என்று ஒரு மண்வீட்டு மூலையில் யாரோ சொல்வதைப் படமாக்கினால் அரை நிமிஷம் வரும். அதற்கு மோட்டார் சைக்கிள் துரத்தல் தேவையில்லை. ஆகவே த்ரில்லருக்கு அது ஆகாது.

சரி, அவர்கள் மேல் எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அது அவர்கள் போனதற்காக இல்லை, பத்து நாளில் திரும்பி வர டிக்கெட் போட்டதற்காக. ஜூலை 13 புறப்பாடு, 23 திரும்புதல். நடுவில் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் பேருந்து. கஜ்னி மாகாணத்தில் மறித்துவிட்டார்கள். அங்கேயே தங்கியிருந்த மூன்று பேரைத் தவிர மற்ற எல்லாரும் கொரியாவிலிருந்து வந்து இறங்கியவர்கள். பத்து நாளில் ஒரு ஊருக்கு என்ன செய்துவிட முடியும்? மருந்து கொடுக்கலாம், குழந்தைகளோடு பாடலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். 'எங்கே வலிக்கிறது' என்று அந்த ஊர்ப் பாஷையில் கேட்க முடியாது. கேட்டாலும் வருகிற பதில் புரியாது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியவர், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். இடையில் நான்கு மாதம் சிறை. போட்டது நம்மூர்க்காரர்கள் இல்லை, டேனிஷ் கோட்டையின் தளபதி. அதையும் யாராவது த்ரில்லராக எடுக்கலாம், எடுக்க மாட்டார்கள்.

மொழி தெரிந்தால் உயிர் தப்பும் என்று சொல்வதாக நினைக்காதீர்கள். டாம் லிட்டில் என்று ஒரு அமெரிக்கர். கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவர். முப்பது வருஷத்துக்கும் மேலாக ஆப்கானிஸ்தானில் இருந்தார். சோவியத் படை வந்து போனதையும், உள்நாட்டுச் சண்டையையும், தாலிபான் ஆட்சியையும் பார்த்தார். தாரி மொழி சரளமாகப் பேசுவார். மூன்று மகள்களை அங்கேயே வளர்த்தார். 2010 ஆகஸ்டில், நூரிஸ்தான் மலையில் கண் முகாம் நடத்திவிட்டு இறங்கி வரும் வழியில், பதக்ஷானில் அவரையும் சேர்த்துப் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மதம் பரப்பினார்கள் என்றது தாலிபான். இல்லை என்றது அவர்களை அனுப்பிய கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். பத்தில் இரண்டு பேர் ஆப்கானியர்கள். குர்ஆன் வசனங்களைச் சொல்லி உயிர் தப்பிய ஓட்டுநரும் ஆப்கானியர். டாம் லிட்டிலைக் காபூலிலேயே அடக்கம் செய்தார்கள். முப்பது வருஷம் கண்ணாடிக்குப் பவர் பார்த்தவர் கதையில் துரத்தல் காட்சியை எங்கே வைப்பீர்கள்?

அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வரும். எழுபதுகளில், பக்கத்து டவுன் பள்ளிக்கூடத்தில் மிஷன்காரர்கள் போட்ட கண் முகாமில் ஆச்சிக்குப் புரை எடுத்தார்கள். வகுப்பு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட கட்டில். கண்ணில் பச்சைத் துணிக் கட்டு. தலை ஆடக்கூடாது என்று இரண்டு காதுப் பக்கமும் சின்ன மணல் மூட்டை. சாப்பாடு ஊட்டிவிடுவது என் வேலை. கஞ்சி காதுக்குள் வழியும்போது ஆச்சி திட்டுவாள், தலையை மட்டும் ஆட்ட மாட்டாள்.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்த வெள்ளைக்கார டாக்டர், 'ஆச்சி, இது எத்தனை விரல்?' என்று கேட்டார். ஆச்சி விரலை எண்ணவில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் வாழைப்பழம் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனதும் என்னிடம் சொன்னாள்: 'அவரு பழம்ங்காருலே. நீங்கல்லாம் பளம்ங்கீய.' சாகும் வரை வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் இதைச் சொன்னாள். கண் தெரிந்தது அவளுக்கு இரண்டாம் பட்சம்.

கிளம்பும்போது நர்ஸம்மா ஒரு வசன அட்டை கொடுத்தார். இயேசு ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் படம். ஆச்சி அதைத் திருநீற்றுச் சம்படத்துக்குள் போட்டு மூடிவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஓரமெல்லாம் சாம்பல் பூத்து, ஆட்டுக்குட்டியின் முகம் மட்டும் தெரிகிறது. ஆச்சி கடைசி வரை திருச்செந்தூர் முருகனுக்குத்தான் நேர்ந்துகொண்டாள். அந்த நர்ஸம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பாரோ என்னவோ. கண்ணைக் கொடுத்த கையோடு அட்டையையும் கொடுப்பது சரியா? இதில் எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை. அட்டையைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, துடைத்துத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், இந்த மாதிரிப் படங்களை எப்படிப் பார்ப்பது. அந்தக் கொரியப் படத்தில் எனக்குப் பிடித்த ஆள் துப்பாக்கி வைத்திருப்பவர் இல்லை. மொழிபெயர்ப்பாளராக வருவாரே, அந்த வாயாடிக் கொரியர். அவர் இல்லாவிட்டால் ஹீரோக்கள் இரண்டு பேரும் ஊமைகள். இன்னொரு தடவை பார்ப்பதாக இருந்தால் கொரிய மொழியிலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள். டப்பிங் வேண்டாம். டப்பிங்கில் தாலிபானும் கொரிய அதிகாரியும் ஒரே தமிழில் பேசிக்கொள்வார்கள். பாவம், நடுவில் அந்த மனுஷனுக்கு என்ன வேலை?