கண்ணு பட்டுடுமா?

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். வயிறு தெரிய போட்டோ எடுக்க ஆசை. "கண்ணு பட்டுடும், அந்தக் காலத்தில் இதெல்லாம் உண்டா?" என்கிறார் மாமியார். உண்டா சார்?
- வாசகி, பாலக்கோடு

பதில்: உண்டும்மா. தர்மபுரியில் முப்பது வருடம் டிராயிங் வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன். இத்தாலியில் மான்டெர்கி என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1460 வாக்கில் பியரோ டெல்லா பிரான்செஸ்கா வரைந்த சுவரோவியத்தில் மரியாள் நிறைமாதமாக நிற்கிறாள். இரண்டு பக்கமும் தேவதைகள் திரையை விலக்கிப் பிடித்திருக்கிறார்கள். மரியாளின் ஒரு கை, வயிற்றுக்கு மேல் அங்கி பிரிந்திருக்கும் இடத்தில். இன்னொரு கை இடுப்பில், நம் பஸ் ஸ்டாண்டில் முதுகு வலியோடு நிற்கும் பிள்ளைத்தாய்ச்சி மாதிரியே!

1590களில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் மாசமாக இருக்கும் மனைவியை வரைய வைத்தார்கள். பிரசவத்தில் போய்விட்டால் முகமாவது மிஞ்சட்டுமே என்ற பயமும் அதில் இருந்தது.

வான் ஐக் என்ற ஓவியர் 1434இல் வரைந்த பச்சை கவுன்காரியையும் கர்ப்பிணி என்றே வகுப்பில் சொல்லிவந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவள் துணியை அள்ளிப் பிடித்திருக்கிறாள், அவ்வளவுதான். அசடு வழிந்தேன்.

சரி, போட்டோ எடுங்கள். திருஷ்டிப் பொட்டை மாமியாரே வைக்கட்டும்.