சொட்டு எண்ணெயில் டைட்டானியம் கடைவது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகங்கள் கடைந்து தரும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். முதன்முறையாக 20 மி.மீ. விட்டமுள்ள கிரேடு 5 டைட்டானியம் (அலுமினியமும் வனேடியமும் கலந்த உலோகக்கலவை) கம்பியில் வேலை வந்தது. இரும்புக்கு வைக்கும் 1,200 ஆர்.பி.எம்.மிலேயே லேத்தை ஓட்டினேன். வெட்டுக்கருவியில் பூட்டும் இரண்டு கார்பைடு இன்செர்ட்டுகளின் முனை கருகிவிட்டது. வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்துக்கான தொட்டியும் பம்ப்பும் என்னிடம் இல்லை. கம்ப்ரஸர் காற்றோடு சில சொட்டு எண்ணெயைப் பீய்ச்சும் எம்.க்யூ.எல். முறை போதுமா? அதற்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா?

பதில்: கடைசல் வேலைக்குப் போதும். ஆனால் அந்தச் சொட்டுகள் உராய்வைக் குறைக்குமே தவிர, கூலன்ட் வெள்ளமாகப் பாய்ந்து செய்வதுபோல் சூட்டை வாரிக்கொண்டு போகமாட்டா என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். மணிக்கு 50 மி.லி. என்று வைத்தால் ஏறக்குறைய நான்கு விநாடிக்கு ஒரு சொட்டுதான் வருகிறது. கிரேடு 5 டைட்டானியம் வெப்பத்தைக் கடத்தும் திறன் சாதாரண எஃகின் திறனில் ஏழில் ஒரு பங்குதான். எஃகில் சீவலோடு வெளியேறிவிடும் சூடு, இங்கே வெட்டுமுனையின் நுனியில் மிகச் சிறிய இடத்தில் தேங்கி நிற்பதால்தான் உங்கள் இன்செர்ட்டுகள் கருகின. கருகிய முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். டைட்டானியம் பசைபோல் ஒட்டிக்கொண்டு, பிய்ந்து வரும்போது கார்பைடையும் சேர்த்துப் பெயர்த்திருக்கக்கூடும்.

ஆகவே சூடு பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைக்க வேண்டும். நீங்கள் ஓட்டிய 1,200 ஆர்.பி.எம்.மில் கம்பியின் மேற்பரப்பு வெட்டுமுனையைக் கடக்கும் வேகம் நிமிடத்துக்கு 75 மீட்டர். அதை 40 மீட்டருக்குக் கொண்டுவந்தால், 20 மி.மீ. கம்பிக்கு 640 ஆர்.பி.எம். வரும். கூர்மையான, பூச்சில்லாத கார்பைடு இன்செர்ட்டைப் பூட்டி, ஃபீடை, அதாவது கம்பி ஒரு சுற்று சுற்றும்போது வெட்டுமுனை நகரும் தூரத்தை, சுற்றுக்கு 0.1 மி.மீ. அளவில் நிறுத்தாமல் கொடுங்கள். பயந்துகொண்டு ஃபீடைக் குறைத்து முனையைத் தேய்க்க விடுவதுதான் இந்த உலோகத்தில் பலரும் செய்யும் பெரிய தவறு. தேய்த்தால் மேற்பரப்பு இறுகி, அடுத்த வெட்டு இன்னும் கடினமாகிவிடும். டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் பாதிதான் என்பதால் நீண்ட கம்பி வெட்டுமுனைக்கு வளைந்து கொடுத்து விலகும். கம்பியின் மறுகோடியைத் தாங்கும் டெயில் ஸ்டாக் சென்டரைக் கட்டாயம் முட்டுக் கொடுங்கள். சீவல் வெள்ளி நிறத்தில் வந்தால் நல்லது. நீலம் ஏறினால் வேகத்தைக் குறையுங்கள். எண்ணெய் பீய்ச்சும் நாசிலை வெட்டுமுனையிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தூரத்தில், சீவல் மறைக்காத கோணத்தில் வைக்க வேண்டும். ஆழமான துளை போடுவதற்கு மட்டும் இம்முறையை நம்பாதீர்கள். வெளியிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் துளையின் அடிவரை போய்ச் சேராது.

தேங்காய் எண்ணெய் நன்றாகவே வழுக்கும். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கோத்தகிரியின் காலைக் குளிரில் அது நாசிலுக்குள்ளேயே கட்டியாகி நிற்கும். குளிரிலும் ஓடக்கூடிய தாவர எஸ்டர் எண்ணெயை வாங்குங்கள். மார்கழியில் அதுவும் உறையாவிட்டாலும் சற்றுத் தடித்துப்போகும். நான் பட்டறையில் இருந்த காலத்தில் எண்ணெய்ப் புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் கால் மணி நேரம் வைத்த பிறகே வேலையைத் தொடங்குவோம். மூடுபனி நாட்களில் கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் வேகமாகச் சேரும். தினமும் அதை வடித்துவிட்டு, காற்றுக் குழாயில் நீர்பிரிப்பானும் பொருத்துங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்துக்கொண்டு மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் புகைமூட்டம் நாள் முழுதும் உங்கள் நுரையீரலுக்குள் போகும். லேத்துக்குப் பின்னால் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம்.

கேள்வி: டைட்டானியம் சீவலை இரும்புச் சீவலோடு சேர்த்து வைக்கலாமா? பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டால் போதாதா? (குன்னூர் வாசகர்)

பதில்: சேர்க்க வேண்டாம், தண்ணீர் கூடவே கூடாது. எண்ணெய் படிந்த மெல்லிய டைட்டானியம் சீவலும் தூளும் ஒரு பொறியிலேயே பற்றிக்கொள்ளும். எரியும் டைட்டானியத்தின்மேல் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கலாம். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் பயன்படாது. உலோகத் தீக்குரிய டி வகை அணைப்பான் இல்லையென்றால், உலர்ந்த மணலை வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்த வாளி மணல் சில நாட்களிலேயே நமுத்துவிடும் என்பதால், அதை வறுத்து ஆறவைத்து, இறுக மூடும் தகர டப்பாவில் லேத்துக்குக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். சீவலை அன்றன்றைக்கே கூட்டியெடுத்து, மூடியுள்ள தனி இரும்புப் பெட்டியில் போட்டுக் கட்டடத்துக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.